கிளீவ்லாந்து மேயர் டாம் ஜான்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகர நிர்வாகம், வீட்டு வரி, பேருந்துக் கட்டணம் என்று எந்தப் பேச்சு வந்தாலும் நான் டாம் ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதில்லை. கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் சார் இந்த டாம் ஜான்சன்? அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜான்சனா?

இல்லை. ஜனாதிபதிகளாக இருந்த ஆண்ட்ரூ ஜான்சனும் லிண்டன் ஜான்சனும் வேறு ஆட்கள். இவர் டாம் லாஃப்டின் ஜான்சன். 1854 ஜூலை 18 அன்று கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். 1901 முதல் 1909 வரை ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகருக்கு மேயராக இருந்தார். அப்போது மேயரின் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள்தான். இவர் தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தார். கட்சி, டெமாக்ரட்.

அன்றைய கிளீவ்லாந்து வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். 1900 கணக்கெடுப்பில் 3,81,768 பேர். 1910இல் 5,60,663 பேர். எஃகு ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ஈரி ஏரியில் கப்பல் போக்குவரத்து என்று தொழில் பெருகியது. ஹங்கேரி, போலந்து, பொஹீமியா பக்கங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் நிறைந்திருந்தார்கள். 1905இல் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் என்ற பத்திரிகையாளர், நாட்டிலேயே மிக நன்றாக ஆளப்படும் நகரத்தின் மிகச் சிறந்த மேயர் என்று ஜான்சனைப் பற்றி எழுதினார். நகராட்சி ஊழல்களை ஊர் ஊராகப் போய் அம்பலப்படுத்தியவர் ஸ்டெஃபன்ஸ். அதனால்தான் அவருடைய பாராட்டுக்கு அவ்வளவு எடை.

பரம்பரைப் பணக்காரரா?

குடும்பம் ஒரு காலத்தில் வசதியாக இருந்தது. தந்தை பருத்தித் தோட்டம் வைத்திருந்தவர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்றவர். 1865இல் போர் முடிந்தபோது குடும்பம் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊரில் கையில் காசில்லாமல் நின்றது. அப்போது டாமுக்குப் பதினோரு வயது ஆகவில்லை.

அங்கே அவருக்கு ஒரு ரயில் கண்டக்டர் சிநேகமானார். ஊருக்கு ஒரே ரயில்தான். அதில் செய்தித்தாள் கொண்டுவரும் உரிமையை இந்தப் பையனுக்கு மட்டும் கண்டக்டர் கொடுத்தார். போட்டிக்கு ஆள் இல்லாததால் சொன்னதுதான் விலை. ஐந்து வாரத்தில் 88 டாலர் வெள்ளிக் காசாகச் சேர்ந்தது. கண்டக்டர் மாறினார், வியாபாரமும் அன்றோடு போனது. போட்டியில்லாத சலுகை ஒன்று கையில் இருந்தால் எவ்வளவு சம்பாதிக்கலாம், அதைக் கொடுத்தவர் போனால் என்ன ஆகும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த 88 டாலர் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராம் கம்பெனி நடத்தி அவ்வளவு சம்பாதிக்க முடியுமா என்ன?

முடிந்தது. பதினைந்து வயதில் லூயிவில் நகரில் டுபான்ட் குடும்பத்தாருக்குச் சொந்தமான குதிரை டிராம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பயணி போடும் காசு வெளியே தெரியும்படி கண்ணாடி வைத்த உண்டியல் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். அதன் காப்புரிமையில் வந்த பணமும் டுபான்ட் குடும்பத்தாரின் கடனும் சேர்ந்து 1876இல் இண்டியானாபொலிஸ் டிராம் கம்பெனியை வாங்கவைத்தன. 1879இல் கிளீவ்லாந்துக்குள் நுழைந்தார். அங்கே எதிரில் நின்றவர் மார்க் ஹான்னா. 1896இல் மெக்கின்லியை ஜனாதிபதி ஆக்கிய அதே ரிபப்ளிகன் தலைவர்தான்.

லாபத்தின் ரகசியம் வண்டியில் இல்லை, தெருவில் இருந்தது. தெரு நகரத்துடையது. அதில் தண்டவாளம் போட நகர மன்றம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உரிமம் கொடுக்கும். ஒரு தெருவில் இரண்டு கம்பெனி ஓட முடியாது. ஆகவே உரிமம் கிடைத்தவர் அந்தத் தெருவுக்கு ராஜா. ஊர் வளர வளரக் கூட்டம் தானாக வரும், கட்டணம் மட்டும் ஐந்து சென்ட்டிலிருந்து இறங்காது. நகர மன்ற உறுப்பினர்களைக் கையில் போட்டுக்கொள்ளக் கம்பெனிகள் ஏன் துடித்தன என்பதற்கும் காரணம் இதுதான். ஜான்சன் டிராம் தண்டவாளங்களுக்காகவே பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனிலும் பிறகு ஒஹையோவின் லொரேனிலும் எஃகு ஆலைகளும் கட்டினார். நாற்பது வயதுக்குள் பெரும் கோடீஸ்வரர்.

இப்படிப்பட்ட முதலாளி எப்படி முதலாளிகளுக்கு எதிரா மாறினார்? ஒரு புத்தகம் படிச்சா மனுஷன் மாறிடுவானா?

புத்தகம் படித்தது உண்மை. 1880களில் ஒரு ரயில் பயணத்தில் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளரின் நூல் ஒன்றை வாங்கினார். பிறகு அவருடைய முக்கிய நூலான ‘முன்னேற்றமும் வறுமையும்’ படித்தார். படித்ததும் தலையாட்டிவிடவில்லை. இதில் தப்பு எங்கே என்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று தன் வக்கீலிடம் கேட்டார். வக்கீலால் முடியவில்லை.

ஜார்ஜ் சொன்னது இதுதான். ஊர் வளர்வதால் நிலத்தின் விலை ஏறுகிறது; நிலத்தைச் சும்மா வைத்திருப்பவர் அதற்காக ஒன்றும் செய்யவில்லை; அந்த ஏற்றம் ஊருக்குச் சேர வேண்டும்; ஆகவே உழைப்புக்கும் கட்டடத்துக்கும் வரி போடாமல் நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடுங்கள். ஜான்சனுக்கு இது புது விஷயமே அல்ல. ஸ்டான்டன் ரயிலிலும் டிராம் உரிமத்திலும் தான் அனுபவித்ததையே ஒருவர் கோட்பாடாக எழுதியிருக்கிறார் என்று பட்டிருக்கும். அதனால்தான் அந்தப் புத்தகம் அவரிடம் வேலை செய்தது என்பது என் எண்ணம். இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1886இலும் 1897இலும் ஜார்ஜ் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்றபோது ஜான்சன் பணமும் நேரமும் கொடுத்து உழைத்தார். 1897 தேர்தலுக்குச் சில நாள் முன்பு ஜார்ஜ் இறந்துபோனார்.

பேச்சு சரி. தன் பாக்கெட்டுல கை வைக்கிற விஷயத்துல எப்படி நடந்துக்கிட்டார்?

நியாயமான கேள்வி. 1891 முதல் 1895 வரை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தார். வெளிநாட்டு எஃகுத் தண்டவாளத்துக்குப் போட்டிருந்த இறக்குமதி வரி அவருடைய ஆலைக்கு நேரடி லாபம். அந்த வரியை அடியோடு எடுக்க வேண்டும் என்று சபையில் கேட்டவரே அவர்தான். தொழிலதிபராகச் சட்டம் தரும் எந்தச் சலுகையையும் நான் பயன்படுத்துவேன், உறுப்பினராக அதே சலுகைகளை ஒழிக்க வாக்களிப்பேன் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாடு.

இது சிலருக்கு இரட்டை வேடமாகத் தெரியும். சலுகையை மறைத்து வைத்துக்கொண்டு நல்லவராகப் பேசுவதைவிட இது நேர்மை என்றே நான் நினைக்கிறேன். 1890களின் பிற்பகுதியில் டிராம், எஃகு இரண்டிலிருந்தும் படிப்படியாக விலகி முழுநேர அரசியலுக்கு வந்தார்.

மேயர் பதவியேற்பை ஏதோ அவசர அவசரமா நடத்தினாராமே?

ஆமாம். ஏரிக்கரையில் நகரத்துக்குச் சொந்தமான நிலத்தை ரயில் கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுக்கும் தீர்மானத்தை முந்தைய நிர்வாகம் நிறைவேற்றியிருந்தது. அதற்கு எதிராக ஜான்சன் தரப்பு நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியிருந்தது. தேர்தல் 1901 ஏப்ரல் 1. தடையாணை ஏப்ரல் 4 காலையில் முடிகிறது. அது முடிந்தவுடன் பழைய மேயர் கையெழுத்துப் போட்டால் நிலம் போய்விடும்.

முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட கையோடு ஜான்சன் உறுதிமொழி எடுத்துக்கொண்டு மேயர் அறைக்குப் போய்விட்டார். தடையாணைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆயுள் பாக்கி இருந்தது. நிலம் தப்பியது.

கூடாரம் போட்டுக் கூட்டம் நடத்தினது எதுக்கு? மண்டபம் கிடைக்கலையா?

கிடைத்திருக்கும். ஆனால் மண்டபத்துக்குக் கட்சிக்காரர்கள்தான் வருவார்கள். சர்க்கஸ் கூடாரத்தை எந்தப் பேட்டையிலும் அடிக்கலாம். வேலை முடிந்து வருகிறவர் அழுக்குச் சட்டையோடு உள்ளே வரலாம், பெண்களும் வரலாம், எதிர்க்கட்சிக்காரரும் கூச்சமில்லாமல் எட்டிப்பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஜான்சனுக்கு மேடைப் பேச்சைவிடக் கேள்வி-பதில்தான் பிடிக்கும். யார் வேண்டுமானாலும் எழுந்து மடக்கலாம். எவ்வளவு கோபமாகக் கேட்கிறாரோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் பதிலை அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்பார்கள். வரி, உரிமம், பங்கு மதிப்பு போன்ற உலர்ந்த விஷயங்களை ஒரு நகரமே தெருமுனையில் விவாதித்தது என்றால் அதற்கு இந்தக் கூடாரம் பெரிய காரணம்.

‘வரிப் பள்ளிக்கூடம்’னு படிச்சேன். பிள்ளைங்களுக்கா?

ஊருக்கே. எனக்கு அவருடைய ஆட்சியில் மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டு வரி போடுவதற்காகச் சொத்துகளுக்கு மதிப்புப் போட்டிருந்தார்கள் அல்லவா, அதில் ஒழுங்கே இல்லை. பக்கத்துப் பக்கத்து மனைகளுக்குச் சம்பந்தமில்லாத மதிப்பு. ஏழைத் தொழிலாளியின் சிறு வீடு சந்தை விலையை ஒட்டி மதிப்பிடப்பட்டிருக்கும். பெரிய நிலங்களும் ரயில் கம்பெனிச் சொத்தும் அதன் பக்கத்தில்கூட வராது.

1901இல் பீட்டர் விட் என்ற வார்ப்பாலைத் தொழிலாளியை ஜான்சன் இதற்குப் பொறுப்பாக்கினார். ஒருமுறை கூட்டத்தில் ஜான்சனிடமே கடுமையாகக் கேள்வி கேட்டு அவர் கவனத்துக்கு வந்தவர் விட். நகரத்தின் பெரிய பெரிய வரைபடங்கள் தயாராயின. எந்த மனைக்கு என்ன மதிப்பு என்று எழுதி எல்லோர் பார்வைக்கும் வைத்தார்கள். மனைகளை மதிப்பிட செயின்ட் பால் நகரத்து டபிள்யூ. ஏ. சோமர்ஸ் உருவாக்கிய முறையைக் கொண்டுவந்தார்கள். தெருவில் முகப்பு ஒரு அடிக்கு என்ன விலை என்று முதலில் அக்கம்பக்கத்தாரையே கூடிப் பேசவைத்து முடிவு செய்வார்கள். அப்புறம் மனையின் ஆழம், மூலை மனையா என்பதைப் பொறுத்துக் கணக்குப் போடுவார்கள். அதிகாரியின் இஷ்டத்துக்கு இடமே இல்லை.

எதிர்ப்பு உடனே வந்தது. நீதிமன்றம் இதற்கான செலவைத் தடுத்தது, பள்ளிக்கூடம் மூடப்பட்டது. ஆனால் விதை விழுந்துவிட்டது: 1910இல் கிளீவ்லாந்து நிலம் முழுவதும் மறுமதிப்பீடு செய்யப்பட்டபோது பயன்பட்டது சோமர்ஸ் முறைதான்.

அப்போ ஹென்றி ஜார்ஜ் சொன்ன நிலவரியை அவர் ஊர்ல கொண்டு வந்துட்டாரா?

இல்லை, கொண்டுவர அதிகாரம் இல்லை. எல்லாச் சொத்துக்கும் ஒரே விகிதத்தில் வரி என்று ஒஹையோ அரசியல் சட்டமே சொன்னது. நிலத்துக்குக் கூட, கட்டடத்துக்குக் குறைய என்று ஒரு நகரம் தானாக முடிவெடுக்க முடியாது. அதனால்தான் மேலே சொன்ன மதிப்பீட்டு வேலையில் அவ்வளவு பிடிவாதம். விகிதத்தை மாற்ற முடியாது, மதிப்பையாவது உண்மையாக்கலாம் அல்லவா?

சிறைக் கைதிகளை எல்லாம் திறந்து விட்டுட்டார்னு ஒரு குற்றச்சாட்டு இருக்கே?

திறந்துவிட்டது உண்மை, யாரை என்று பார்க்க வேண்டும். நகரத்தின் உழைப்புச் சிறையில் இருந்தவர்களில் நிறையப் பேர் அபராதம் கட்டக் காசில்லாததால் உள்ளே கிடந்தவர்கள். அதே தப்பைச் செய்த வசதியானவர் காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இப்படி ஏழையாக இருப்பதற்காகவே தண்டனை அனுபவித்த நூற்றுக்கணக்கானவர்களை ஜான்சனும் ஹாரிஸ் கூலியும் விடுவித்தார்கள். கூலி ஒரு பாதிரியார்; ஜான்சன் அவரை நகரத்தின் தருமப்பணி, சிறைத் துறைகளுக்குப் பொறுப்பாக்கினார்.

அவர் அடுத்துச் செய்ததுதான் பெரிய காரியம். நகரத்துக்கு வெளியே வாரன்ஸ்வில் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஏக்கர் பண்ணை நிலத்தை நகரம் வாங்கியது. கைதிகள், ஆதரவற்ற முதியோர், காசநோயாளிகள் எல்லோருக்கும் அங்கே இடம் உருவானது. கைதிகள் பூட்டிய கூடத்தில் அடைபடாமல் திறந்தவெளியில் விவசாய வேலை செய்தார்கள். போலீஸ் தலைவர் ஃப்ரெட் கோலரும் சிறு தப்புகளுக்குக் கைது செய்வதைக் குறைத்தார். குடித்துவிட்டு விழுந்தவரை லாக்கப்பில் போடாமல் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். ஊர் குலைந்துபோகும் என்று பயந்தார்கள், குலையவில்லை.

பூங்காக்களில் இருந்த ‘புல்லில் நடக்காதீர்’ பலகைகளைப் பிடுங்கச் சொன்னதும் இதே மனசுதான்.

இவ்வளவையும் ஒரே ஆளா பண்ணினார்?

ஆட்களைப் பொறுக்கி எடுப்பதில் கெட்டிக்காரர். சட்டத்துக்கு நியூட்டன் பேக்கர். பிறகு இவரே மேயராகி, முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் போர்த்துறைச் செயலாளரும் ஆனார். குடிநீருக்கு எட்வர்ட் பெமிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர். கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் வழக்கத்தை அவர் குடிநீர்த் துறையில் ஒழித்தார், கட்சிக்காரர்கள் கொதித்தார்கள், ஜான்சன் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஃப்ரெடெரிக் ஹோ ரிபப்ளிகனாக நகர மன்றத்துக்கு வந்து ஜான்சன் பக்கம் சாய்ந்தவர். பீட்டர் விட், ஹாரிஸ் கூலி பற்றி மேலேயே பார்த்துவிட்டோம்.

‘மூணு சென்ட் டிராம்’ சண்டை என்ன? ரெண்டு சென்ட்டுக்கா எட்டு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க?

ஒருவர் தினமும் வேலைக்குப் போய் வந்தால் நாளுக்கு நான்கு சென்ட் மிச்சம். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது காசுதான். ஆனால் ஜான்சனின் கணக்கு வேறு. மூன்று சென்ட்டில் வண்டி ஓட்டிக் கட்டுபடியாகும் என்று காட்டிவிட்டால், மிச்ச இரண்டு சென்ட் தெருவின் உரிமத்துக்காக மக்கள் கட்டும் கப்பம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். கடைசியில் டிராமை நகரமே எடுத்து நடத்த வேண்டும் என்பது அவர் குறி. அதற்கு அன்றைய ஒஹையோ சட்டம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே சுற்றுவழியில் போனார். மூன்று சென்ட் நிபந்தனையோடு புதிய கம்பெனிக்கு உரிமம் கொடுக்கவைத்தார். பழைய கம்பெனி நீதிமன்றத்துக்கு ஓடியது; ஐம்பதுக்கும் மேற்பட்ட தடையாணைகள். தெருவில் தண்டவாளம் போட அந்தத் தெருச் சொத்துக்காரர்களில் பெரும்பான்மையோரின் சம்மதம் வேண்டும் என்பதால் வீடு வீடாக ஒரு தரப்பு கையெழுத்து வாங்க, மறுதரப்பு அதை ரத்து செய்யவைக்கும். 1906 நவம்பர் 1 அன்று ஒருவழியாக மூன்று சென்ட் வண்டி ஓடியது. 1907 தேர்தலில் தியடோர் பர்ட்டன் என்ற செல்வாக்கான காங்கிரஸ் உறுப்பினரை நிறுத்தியும் ஜான்சனை வீழ்த்த முடியவில்லை. பழைய கம்பெனி இறங்கி வந்தது. 1908 ஏப்ரல் 27இல் ஊரின் எல்லாத் தடங்களும் முனிசிபல் டிராக்‌ஷன் என்ற நிறுவனத்திடம் குத்தகைக்கு வந்தன. மறுநாள் ஊர் முழுக்க இலவசப் பயணம்.

தானே டிராம் முதலாளியா இருந்தவர் டிராமைக் கைப்பற்றினா, அது சொந்த லாபத்துக்குன்னு சந்தேகம் வராதா?

வந்தது, எதிரிகள் அதைத்தான் ஓயாமல் சொன்னார்கள். ஆனால் அமைப்பைப் பாருங்கள். வண்டிகளை நடத்திய முனிசிபல் டிராக்‌ஷனை நடத்தியவர்கள் லாபம் எடுத்துக்கொள்ள வழியில்லை. புதிய கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு ஆண்டுக்கு 6 சதவீதம், அதற்கு மேல் கிடையாது. மிச்சமெல்லாம் கட்டணக் குறைப்புக்கும் சேவைக்கும். ஜான்சன் இதில் சம்பாதிக்கவில்லை.

மக்களுக்காக இவ்வளவு செஞ்சவரை மக்களே ஏன் தோற்கடிச்சாங்க?

இதில் அவர் தரப்புத் தவறும் உண்டு. குத்தகைக்கு எடுத்த அடுத்த மாதமே டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம். பழைய கம்பெனி ஒப்புக்கொண்ட கூலி உயர்வைப் புதிய நிர்வாகம் தரவில்லை என்பது புகார். வண்டிகள் மீது தாக்குதல், வெடிகுண்டு என்று கலவரமானது. வேலைநிறுத்தம் முறிந்தது, ஆனால் தொழிலாளர்களின் தலைவராக அறியப்பட்டவருக்குத் தொழிலாளர் குடும்பங்களில் ஏற்பட்ட கசப்பு ஆறவில்லை. செலவைக் குறைக்க நிறுத்தங்களைக் குறைத்தார்கள், தடங்களை மாற்றினார்கள். 1907இன் நிதி நெருக்கடியால் கடனும் கிடைக்கவில்லை. மூன்று சென்ட்டைக் காப்பாற்றச் சேவையை இறுக்கியதும், கூலி விஷயத்தில் விட்டுக்கொடுக்காததும் பெரிய பிழைகள் என்பது என் கருத்து.

1908 அக்டோபர் 22 அன்று மக்கள் வாக்கெடுப்பு. சுமார் அறுநூறு வாக்கு வித்தியாசத்தில் ஏற்பாடு தோற்றது. டிராம் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போனது. 1909 நவம்பரில் ஹெர்மன் பேர் என்பவரிடம் ஜான்சன் மேயர் பதவியையும் இழந்தார்.

கடைசியில ஏழையா செத்தார்னு சொல்றாங்க, நிஜமா?

தெருவில் நின்றார் என்ற அளவுக்கு இல்லை. ஆனால் செல்வத்தின் பெரும்பகுதி போய்விட்டது. தொழிலைக் கவனிக்காமல் விட்டதும், இறந்த தம்பியின் சொத்து விவகாரங்களும் சேர்ந்து கரைத்தன. பணக்காரர்கள் வாழ்ந்த யூக்ளிட் அவென்யூ மாளிகையை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போனார். உடலும் கெட்டிருந்தது. கடைசி மாதங்களில் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தார். 1911 ஏப்ரல் 10 அன்று 56 வயதில் இறந்தார். புரூக்ளினின் கிரீன்வுட் கல்லறையில், ஹென்றி ஜார்ஜின் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். கிளீவ்லாந்தின் பப்ளிக் ஸ்கொயரில் உள்ள அவர் சிலையின் கையில் இருப்பதும் ஜார்ஜின் புத்தகம்தான்.

சரி, அவர் செஞ்சதுல இன்னைக்கு எதாவது மிச்சம் இருக்கா?

டிராமில் தொடங்குவோம். 1910இல் நீதிபதி டெய்லரின் பெயரால் வந்த ஏற்பாட்டில் ஜான்சன் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது: முதலீட்டுக்கு 6 சதவீத வரம்பு, மூன்று சென்ட்டில் தொடங்கும் கட்டணம், சேவையின் மேல் நகரத்தின் கட்டுப்பாடு. 1942இல் நகரமே டிராமை விலைக்கு வாங்கியது. பர்னம் உள்ளிட்ட மூன்று கட்டடக் கலைஞர்கள் 1903இல் வரைந்து கொடுத்த திட்டப்படி எழுந்த பொதுக் கட்டடங்களும் நடுவில் உள்ள மால் திடலும் ஊரின் மையத்தில் இன்றும் இருக்கின்றன.

மின்சாரம் இன்னொன்று. 1905இல் சவுத் புரூக்ளின் என்ற சிற்றூரை நகரத்தோடு சேர்த்தபோது அதன் சிறிய மின்நிலையமும் கூடவே வந்தது. ஜான்சன் அதைப் பிடித்துக்கொண்டார். பேக்கர் மேயரானதும் 1914இல் பெரிய நிலையமாகக் கட்டினார். தனியார் கம்பெனிக்கு விற்றுவிடச் சொல்லி 1978இல் வங்கிகள் நெருக்கியபோது அன்றைய மேயர் டென்னிஸ் குசினிச் மறுத்தார், நகரம் கடன் கட்டத் தவறியது. அடுத்த ஆண்டு வாக்காளர்கள் விற்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மின்வாரியம் இன்றைக்கும் நகரத்தின் சொத்து.